இதுக்குச் சாட்சி யாரு?

போன இதழில் இந்தக் கேள்வி-பதில் பகுதி வரவில்லை. "எழுதுபவரின் தந்தை காலமானதால்" என்று இதழாசிரியர் ஒரு குறிப்பு மட்டும் போட்டிருந்தார். அதில் வழக்கறிஞர், ஆசிரியர், கவிஞர் என்று மூன்று பட்டமும் சேர்ந்திருந்தது. அந்தக் குறிப்புக்கு வந்த கடிதங்கள் பட்டா, சம்பந்தி, சமையல் கேள்விகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க வாப்பாதான், அதாவது என் தந்தைதான். கேட்டவர்களின் பெயரை வழக்கம்போல் விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சட்டம், வாத்தியார் வேலை, கவிதை – மூன்றில் எது முதலில் வந்தது? ஒரே ஆள் மூன்றையும் எப்படிச் சமாளித்தார்? (வாசகி, தொண்டி)

முதலில் வந்தது கவிதை. அதுவும் தேறாத கவிதை.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது வாப்பாவுக்குப் பதினெட்டு வயது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டது என்ற சேதி கீழக்கரைக்கு வந்ததும், உட்கார்ந்து நீளமாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு தாய் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறாள், இன்ஜின் அலறுகிறது, அலை பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. இப்படியே போகும். அதைத் தன் தமிழ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ரயிலை நீ பாத்தியாடா?"

பார்க்கவில்லை. வாப்பா பார்த்தது மண்டபத்தில். உதவிக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போன வண்டியில் இவரும் போயிருந்தார். வந்து இறங்கிய ஜனங்களில் ஒரு பெரியவர், ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தாராம். யாரோ வேறு ஜோடி கொண்டுவந்து கொடுத்தபோதும் அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றவில்லை. "அப்ப அதை எழுது" என்றார் வாத்தியார். எட்டு வரி வந்தது. நீளப் பாட்டு அடுப்புக்குப் போனது. எட்டு வரி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் புயல் என்ற சொல்லே கிடையாது.

அப்புறம் வாப்பாவே தமிழ் வாத்தியார் ஆனார். சட்டத்துக்குப் போன கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் கிரயப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, "வாத்தியாரய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நின்றார். பனந்தோப்பில் ஒரு பகுதியை விற்றிருக்கிறார். விற்றது மரங்கள் நிற்கிற இடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பத்திரத்தில் எழுதியிருந்த நான்கு மாலுக்குள், அதாவது நான்கு பக்க எல்லைக்குள், கிணறும் அடங்கிப்போயிருந்தது. கைநாட்டும் வைத்தாயிற்று. வாப்பாவால் படித்துச் சொல்ல முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்று சொல்லத் தெரியவில்லை. மதுரையில் சட்டக் கல்லூரி 1974-இல்தான் வந்தது. அது வந்த சூட்டிலேயே, கையில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது, வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உம்மா அந்த மூன்று வருஷத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்; "அரிசி வாங்கினேன், சோறாக்கினேன்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

மூன்றையும் எப்படிச் சமாளித்தார் என்று கேட்கிறீர்கள். அவரைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வேலை. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். பிராதுக்கும் அதுதான், பாடத்துக்கும் அதுதான், வெண்பாவுக்கும் அதுதான். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் "இதுக்குச் சாட்சி யாரு?" என்பார். மீன்காரர் "இப்பத்தான் கரைக்கு வந்தது" என்று விளமீனை எடுத்துக் காட்டினாலும் இதே கேள்விதான்.

கேள்வி: நான் சட்ட மாணவன். உங்கள் தந்தையிடம் திண்ணையில் படித்தவர்கள் இன்னும் அந்த வகுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்படி என்ன செய்வார்? (வாசகர், பரமக்குடி)

தம்பி, இதற்கு நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும்.

அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு வந்ததும் திண்ணையில் பாய் விரிப்போம். வருகிறவர்கள் கலவை: சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், வக்கீல் குமாஸ்தாக்கள், வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போய் ஊருக்கு வந்திருக்கும் சபுராளிகள், பேங்க் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து நிற்கும் ஒருவர். காசு கிடையாது. தொழிலில் இருக்கும் வக்கீல் கல்லூரிகளில் சட்டம் சொல்லித்தரலாம், ஆனால் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 1979-ஆம் வருஷத்து விதி ஒன்று இருக்கிறது. வீட்டுத் திண்ணைக்கும் அந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடுவார். "விதியை மீறிட்டேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாதுல்ல" என்பார். உண்மையான காரணம் உம்மா போட்டு வைத்த தோசை ஆறிப்போவது.

திருட்டு பற்றிய பாடத்துக்கு ஒரு சங்கைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். நல்ல பால்சங்கு, வாயோரம் கொஞ்சம் உடைந்தது. "கடலுக்கு அடியில கிடந்துச்சு. ஒருத்தன் முங்கி எடுத்துட்டான். திருட்டா?" எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்பார்கள். கடல் என்ன ஒருவர் வீட்டுக் கொல்லையா? மீனைப் பிடித்தால் திருட்டா? அப்போதுதான் 1904-ஆம் வருஷத்து வழக்கை எடுப்பார். நம் கடற்கரையிலிருந்தே சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு அது. பாக் விரிகுடாவில் ராமநாதபுரம் ராஜாவுக்குப் பாத்தியப்பட்ட சங்குப் படுகை. அதைக் குத்தகைக்கு எடுத்தவர். கேட்காமல் சங்கு எடுத்தவர்கள். திருட்டுதான் என்று முடிந்தது. "மீன் ஓடும். படுகையில கிடக்குற சங்கு எங்கப்பா ஓடும்?" என்பார் வாப்பா. அதிலிருந்து 'கைவசம்' என்றால் என்ன என்ற பேச்சு தொடங்கும். முடிய ஒரு வாரமாகும்.

திருட்டுக்கு இலக்கணம் மனப்பாடமாக வேண்டும் என்று குறள் வெண்பாவில் ஒன்று கட்டினார். முதலில் எழுதியது இது:

அசைபொருளை மற்றொருவர் கைவசத்தே கண்டும்
இசைவின்றிக் கொண்டால் திருட்டு.

எதுகை இருக்கிறது, தளை தட்டவில்லை, எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு குமாஸ்தா கை தூக்கினார். "சார், நான் கூட்டாளி வீட்டுக்குப் போறேன். அவன் இல்லை. படிச்சிட்டுத் தரலாம்னு ஒரு புஸ்தகத்தை எடுத்துட்டு வர்றேன். உங்க பாட்டுப்படி நான் திருடன்." பழைய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில், திருட்டு ஆகாது என்பதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்களில் இதே புத்தகக் கதை இருக்கிறது. வஞ்சக எண்ணம் வேண்டும். அது பாட்டில் விட்டுப்போயிருந்தது. வாப்பாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்தார். திரும்பி வந்து சொன்னது:

அசைபொருளை மற்றவர்பால் வஞ்சமனத் தோடே
இசைவின்றிக் கொண்டால் திருட்டு.

நோட்டில் இந்தப் பாட்டுக்குக் கீழே அந்தக் குமாஸ்தாவின் பெயரை எழுதி, 'திருத்தியவர்' என்று போட்டிருக்கிறார்.

ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடும் நன்கொடை, எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. கீழக்கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். முஸ்லிம் சட்டப்படி அதற்கு மூன்று படி: கொடுக்கிறேன் என்று சொல்வது, ஏற்றேன் என்று சொல்வது, கைவசத்தை ஒப்படைப்பது. இதை நடித்துக் காட்டச் சொல்வார். ஒரு பையனிடம் எங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனுக்கு வீட்டை ஹிபா செய்யச் சொல்வார். பையன் நெஞ்சை நிமிர்த்தி "கொடுத்தேன்" என்பான். மற்றவன் "ஏற்றேன்" என்று சாவியைப் பிடிப்பான். கொடுத்தவன் விட மாட்டான். வேண்டுமென்று இல்லை, மறந்துபோய். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வாப்பாவையே பார்ப்பார்கள். "கைய விடு. நீ கைய விடுற வரைக்கும் வீடு உன்னோடதுதான்." ஹிபாவில் பிரச்சினையாகிக் கோர்ட்டுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது படியில் தடுக்கி விழுந்தவை என்பது அவருடைய கணக்கு.

பெண்களுக்குத் தனியாக, வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு. அங்கே பாடப்பொருள் தொதல் என்ற இனிப்பு. ஒரு பாளத்தை எட்டுத் துண்டாக வெட்டி வைப்பார். ஒருவர் மௌத்தாகிறார் (இறக்கிறார்), மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அவருக்கு ஒரு துண்டு போயிற்று. மிச்சம் ஏழு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று மகன்களுக்கு ஆறு, மகளுக்கு ஒன்று. சிந்தாமல் சிதறாமல் தீர்ந்துவிடும். உதாரணம் எங்கள் வீட்டையே வைத்து எடுத்ததுதான். எனக்கு மூன்று காக்காமார், அதாவது அண்ணன்மார். என் பங்குக்கு வந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு நான் முறைத்தபோது, "பங்குக் கணக்கை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா நான் இன்னும் மௌத்தாகலை பாரு" என்றார். புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் சாவியைக் கையில் கொடுத்தபோது புரிந்தது. காக்காமார் மூன்று பேரும் அன்றைக்குச் சாட்சி. மூத்த காக்கா மட்டும் "தொதலையும் இவளே தின்னா" என்று இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: கவிஞர் வக்கீலானால் கோர்ட்டில் எடுபடுமா? சம்பாதித்தாரா? (வாசகர், ராமேசுவரம்)

சுமார்தான். பேச்சில் பாட்டு எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். கோர்ட்டில் ஒரு வரி கவிதை சொன்னதில்லை. சின்னச் சின்னக் கேள்வியாகத்தான் கேட்பார்.

ஒன்று சொல்கிறேன். 2001-இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. அதுவரை அதைக் காயவைத்து விற்றுப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அப்படி மாட்டிய ஒரு முங்குகிற கூலியாளுக்காக வாப்பா நின்றார். கடற்கரையிலேயே மூட்டையை எடை போட்டு மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதியதாகப் பிடித்தவர்கள் சொன்னார்கள். வாப்பாவின் குறுக்கு விசாரணை மொத்தமும் தராசைப் பற்றியது. தராசு யாருடையது? யார் தூக்கி வந்தது? எந்த வண்டியில்? படிக்கல்லா, தொங்கு தராசா? தொங்கு தராசு என்றால் எதில் தொங்கியது? அந்தக் கரையில் மரமே கிடையாது. ஆள் விடுதலையானார். வெளியே வந்ததும் அவரை வாப்பா திட்டிய திட்டைக் கேட்டிருந்தால் தண்டனையே தேவலை என்றிருக்கும். "அட்டை போச்சுன்னா கடலடி மண்ணு கெட்டுப்போகும். இன்னொரு தடவை தொட்டா, நானே எதிர்ப்பக்கம் நிப்பேன்."

சம்பாத்தியம்: பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். கடைசி வரைக்கும் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். பிள்ளைகள் படித்தோம், கடன் இல்லை.

கேள்வி: உங்கள் தந்தை கூட்டங்களில் 'ராமநாதபுரம் வழக்கு' என்று ஒன்றைச் சொல்வாராம். அது என்ன வழக்கு? (வாசகர், மண்டபம்)

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தியா முழுக்க இந்த வழக்கு தெரியும். நம் ஜில்லாக்காரர்களுக்குத்தான் தெரியாது. வாப்பாவுக்கு அதில் தீராத குறை.

ராமநாதபுரம் சேதுபதி ஒருவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறார். ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கிறார். கணவர் உயிரோடு இருந்தபோது அனுமதி எழுதி வைக்கவில்லை. பங்காளிகளின் சம்மதம் மட்டும் உண்டு. அது செல்லாது என்று ஆகிவிட்டால் ஜமீன் வாரிசில்லாத சொத்து. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதற்குப் பின்னால் வந்த சர்க்காருக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? மதுரை கலெக்டரே கட்சிக்காரராக அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். 1868-இல் தீர்ப்பு. நம் தென்னாட்டு வழக்கப்படி பங்காளிகள் சம்மதம் இருந்தால் போதும், சுவீகாரம் செல்லும் என்றார்கள். அந்தச் சுவீகாரப் பிள்ளையின் மகன்தான் விவேகானந்தர் சிகாகோவுக்குப் போகத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி.

வாப்பாவுக்குப் பிடித்தது அந்தத் தீர்ப்பில் வரும் ஒரு கருத்து: இந்து சட்டத்தில், ஒரு வழக்கம் நடைமுறையில் இருக்கிறது என்று தெளிவாக நிரூபித்துவிட்டால், எழுதி வைத்த சாத்திரத்தைவிட அதற்கே எடை அதிகம். "ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரன், நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னு கேட்டான் பாரு!" என்பார். உடனே குரலைத் தாழ்த்தி, "இதைக் கீழக்கரையில போய்ச் சொல்லிடாதே. நமக்கு 1937-லேயே வழக்கத்தை ஓரங்கட்டி ஷரீஅத் சட்டம் வந்தாச்சு" என்பார். அதனால்தான் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊர்ப் பழக்கத்தை வெறும் பழக்கமாக விடாமல் ஹிபாவாகச் செய்யுங்கள் என்று திண்ணையில் கரடியாகக் கத்தினார்.

கேள்வி: எங்கள் வாப்பா தையல்காரர். அவர் மௌத்தானபோது உங்கள் வாப்பா எழுதித் தந்த இரங்கற்பாவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். அதில் அவருக்குக் காது கேட்காததைக் கூட எழுதியிருந்ததில் அன்றைக்கு உம்மாவுக்குக் கோபம். ஏன் அப்படி எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா? (வாசகி, கீழக்கரை)

லாத்தா (அக்கா), தெரியும். நான் அப்போது கூடவே வந்திருந்தேன். உங்கள் உம்மாவின் கோபமும் நினைவிருக்கிறது. எனக்கு மட்டும் ஓட்டுமா பலகாரம் கொடுத்துவிட்டு வாப்பாவுக்கு வெறும் தேத்தண்ணி கொடுத்தார்.

இரங்கற்பா எழுதச் சொல்லி யார் வந்தாலும் வாப்பா அன்றைக்கே எழுத மாட்டார். மூன்றாம் நாள் யாசீன் ஓதி முடிந்ததும் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பார். உங்கள் வீட்டில் கேட்டவை: கத்தரிக்கோல் எந்தக் கையில் பிடிப்பார்? மிஷினை மிதிக்கும்போது பாடுவாரா? கடன் சொன்னவர்களை எப்படிக் கேட்பார்? உங்கள் சாச்சா பொறுமை இழந்து, "வள்ளல்னு போட்டுருங்க வக்கீல்சாப்" என்றார். வாப்பா சிரிக்காமல், "நம்ம ஊருக்கு வள்ளல் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்" என்றார். அவர் சொன்னது சீதக்காதியை. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடச் செய்தவர், செத்தும் கொடுத்தவர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பட்டத்தைத் தையல் கடையில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை என்பது வாப்பாவின் கட்சி.

கடையில் வேலை பார்த்த பையன்தான் காது விஷயத்தைச் சொன்னான். அளவு சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம், அவர் தலையாட்டிக்கொண்டே இருப்பாராம். ஒன்றும் காதில் விழாது. தோளில் கையை வைத்துப் பார்த்தே வெட்டிவிடுவார். ஒரு சட்டை தப்பியதில்லை. இதைக் கேட்டதும் வாப்பா நோட்டை மூடிவிட்டார். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை என்று அர்த்தம். நீங்கள் மாட்டியிருப்பதன் கடைசி இரண்டு வரி இப்படித்தானே வரும்:

வலக்காது கேளாது, வந்தவர்கள் சொல்லும்
அளவெல்லாம் கையின் கணக்கு.

காதைக் குறையாகச் சொல்லவில்லை லாத்தா. காதை எடுத்துவிட்டால் கையின் பெருமை எங்கே நிற்கும்? உம்மாவிடம் என் சலாமைச் சொல்லுங்கள்.

கேள்வி: கச்சத்தீவு பற்றி உங்கள் தந்தையின் கருத்து என்ன? (வாசகர், பாம்பன்)

1974, 1976 என்று ஒப்பந்த வருஷங்கள் இரண்டையும் சொல்வார். "ரெண்டையும் முழுசாப் படிச்சவங்க கையைத் தூக்குங்க" என்பார். யாரும் தூக்காவிட்டால் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

கேள்வி: என் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு மலர் போட ஆசை. எழுத உட்கார்ந்தால் 'பாசமிகு', 'பண்பின் சிகரம்' என்றுதான் வருகிறது. பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டை முகப்பில் போட்டுவிட்டு விட்டுவிடலாமா? (வாசகர், சாயல்குடி)

போடுங்கள், தப்பில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் அந்த 112-ஆம் பாட்டை ஒரு முறை நின்று படியுங்கள். பாரியைத்தான் ஊரே வள்ளல் என்றது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன். பெற்ற பெண்கள் பாடும்போது அதில் ஒரு சொல்லாவது அதைப் பற்றி இருக்கிறதா? அந்த மாதத்து நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் குன்றையும் கொண்டுபோனார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். உங்கள் 'பண்பின் சிகரம்' அதற்குப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வாப்பா தன் தந்தையான எங்கள் வாப்பிச்சாவைப் பற்றி எழுதியபோது செய்த ஒன்றைச் சொல்கிறேன். நிலத்துக்குப் பத்திரம் எழுதுகிற மாதிரி ஆளுக்கும் நான்கு மால் பார்க்க வேண்டும் என்பார். வடக்கே யார், தெற்கே யார் என்று எழுதாமல் நடுவில் இருக்கும் நிலம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதனால் அப்பாவோடு வீட்டில் இருந்த ஒருவரை, அவரோடு வேலை பார்த்த ஒருவரை, அவரிடம் கடன் பட்டவரையோ அவருக்குக் கடன் கொடுத்தவரையோ, அப்புறம் அவரைப் பிடிக்காத ஒருவரை என நாலு பேரைப் போய்ப் பாருங்கள். நாலாவது ஆளைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அங்கேதான் சரக்கு இருக்கும். வாப்பிச்சாவுக்கு ஆகாத ஒருவர், "அவன் கிட்ட பேரம் பேச முடியாது, முதல் விலையே கடைசி விலை" என்று திட்டினாராம். மலரில் வாப்பா அதை அப்படியே போட்டார். பாராட்டு எழுத வந்த எவராலும் அப்படி ஒரு வரி எழுத முடியவில்லை.

போகும்போது பொதுவாக "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்லவர்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கொடுப்பார்கள். சட்டைப்பையில் என்ன வைத்திருப்பார், பஸ்ஸுக்கு எவ்வளவு முன்னால் போய் நிற்பார், யாரைக் கண்டால் வேறு தெருவில் போவார் என்று கேளுங்கள். நான்கு பக்கம் வந்துவிடும். போட்டோ ஒன்று போதும். அரசியல்வாதி படம் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது எதுவும் இல்லையா? (வாசகி, தேவிபட்டினம்)

புகழ்கிறேனா? சரி. வீட்டையும் கோர்ட்டாக்கியது பிடிக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தால் "எந்த பஸ்? கண்டக்டர் யாரு?" என்று தொடங்கிவிடுவார். நான் ஊரிலிருந்து போட்ட கடிதங்களைச் சந்திப்பிழை திருத்தி, சிவப்பு மையில் சுழித்து, பதில் கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். ஒரு தடவை அழுதுகொண்டே எழுதிய கடிதத்துக்கும் அதுதான் நடந்தது. அதில் வல்லினம் மிகவில்லை என்று இரண்டு இடம் சுழித்திருந்தார். அப்புறம் அடுத்த பஸ்ஸில் ஏறி நேரில் வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சுழித்தது சுழித்ததுதான்.

யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். உம்மா ஐம்பது வருஷம் ஆக்கிப்போட்ட சோற்றுக்கு "உப்புச் சரி" என்பதுதான் அதிகபட்சம். உம்மாவும் சளைத்தவர் இல்லை. வாப்பாவின் கவிதைகளைப் படித்துக் காட்டினால் அதே குரலில் "எழுத்துச் சரி" என்பார்.

கேள்வி: அவருடைய புத்தகங்கள், குறிப்புகளை என்ன செய்தீர்கள்? பழைய சட்டப் புத்தகங்களுக்கு இப்போது மதிப்பு இருக்கிறதா? (வாசகர், ராமநாதபுரம்)

கவிதை நோட்டுகள் என்னிடம். தமிழ்ப் புத்தகங்கள் சின்னக் காக்காவிடம். சட்டப் புத்தகங்களில்தான் கேள்வி வந்தது. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், பழையதை எடைக்குப் போடலாமே என்று பலர் சொன்னார்கள். போடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்கள் பழைய சட்டப்படிதான் விசாரணைக்கு வரும். இன்னும் பல வருஷத்துக்கு வக்கீல் மேசையில் இரண்டும் வேண்டும்.

வாப்பா அந்த எழுபத்தெட்டு வயதில் புதுச் சட்டத்தை வாங்கி, இருநூறு பக்க நோட்டு ஒன்றில் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் பழைய பிரிவு, வலப்பக்கம் புதுப் பிரிவு என்று எழுதத் தொடங்கினார். பழையதில் 511 பிரிவு, புதியதில் 358. கொலைக்கான 302 இப்போது 103. திருட்டு 378, 379 இரண்டும் சேர்ந்து 303. மோசடிக்கான 420 இப்போது 318. அந்த இடத்தில் மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "420 என்றால் பால்காரருக்கும் தெரியும். 318 என்று யாரைத் திட்டுவது?" கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498-ஏ இப்போது 85. இங்கே, பெண்கள் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று குறித்திருக்கிறார். அந்த வகுப்பை அவர் எடுத்தும் விட்டார்.

நோட்டு முழுமையானது. திண்ணையில் படித்து இப்போது வக்கீலாக இருக்கும் இருவர் பிரிவு பிரிவாகச் சரிபார்த்துவிட்டார்கள். ஒரு பிழை கிடைத்தது, வாப்பா வழக்கப்படி 'திருத்தியவர்' என்று கண்டுபிடித்தவர் பெயரைப் போட்டோம். வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். காசு வேண்டாம், ஆனால் பேரேட்டில் கையெழுத்துப் போடாமல் நோட்டைத் தர மாட்டேன் என்று உம்மா உட்கார்ந்திருக்கிறார்.